ஆறரை மணிக்குத் திறந்த பால்வாடி

அன்புள்ள மயிலாத்தாக்கா,

இன்று காலை ஆறரை மணிக்கு நம் பால்வாடியைத் திறந்தேன். நானேதான். "டீச்சரா? ஆறரைக்கா?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. நன்றாகச் சிரியுங்கள்.

ஒன்பதரைக்கு முன்னால் அந்தப் படியேறிப் பழக்கமில்லாதவள் நான். திருப்பூர் கம்பெனி வண்டி கணியூர் தாண்டி நம் ஊருக்கு ஆறே முக்காலுக்கு வரும். அதில் வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளை எனக்குத் தெரியாமல் வாங்கி உள்ளே விட்டுக்கொண்டிருந்தீர்கள். எத்தனை நாளாகவோ! ஒருநாள் சீக்கிரம் வந்தபோது பார்த்துவிட்டேன். பெரிய திருட்டைக் கண்டுபிடித்தவள் மாதிரி குதித்தேன்.

"ஏன் ஆயா, ஒரு புள்ள உழுந்து அடிபட்டா ஆரு பதில் சொல்றது?" என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

"அ, ஆ சொல்லிக் குடுக்கோணும்னா மொதல்ல புள்ள வரோணுமில்லீங்களா டீச்சர்?" என்றீர்கள். மறுநாளும் எனக்கு டீ போட்டுக் கொடுத்தீர்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த மாதமே நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். மன்னிப்புக் கேட்க நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். நேரம் இருந்தது. என் பக்கம் தப்பு இருப்பதாகவே அப்போது நான் நினைக்கவில்லை.

பிறகு ஒருநாள், எடை பார்க்க வராத நித்யாவைத் தேடி அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தனலட்சுமி கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்தவள். சீக்கிரம் மெஷினில் உட்காரவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, வாசலில் பண்டலைப் பிரித்துப் போட்டு, தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்றரை வயது நித்யா, தனக்கே சரியாக இருக்கும் குட்டிச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அம்மாவிடம் நீட்டினாள். கை எவ்வளவு வேகம் தெரியுமா?

"ஏன் தனம், புள்ளைய அனுப்பாம வெச்சிருக்கற?" என்று அதட்டினேன்.

"வண்டி போறப்ப பால்வாடி பூட்டிக் கெடக்குதுங்க. புள்ளைய ஆருகிட்ட உடறதுங்க? அதான் வேலைய உட்டு நின்னுட்டனுங்க. இப்ப ரெண்டு பேரு கையும் சேந்தாத்தான் பண்டல் முடியுதுங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

ஆறரைக்கே திறக்க அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். தெரிந்ததுதானே, நாலு முறை அலையவிட்டார்கள். கடைசியில் சூப்பர்வைசர், "தொறந்துக்கங்க. ஏதாச்சும்னா பொறுப்பு உங்குளுதுதான்" என்றார். எந்தப் பொறுப்புக்குப் பயந்து உங்களிடம் சாவி வாங்கினேனோ, அதற்கே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் கையெழுத்தே இல்லாமல் அத்தனை நாள் எப்படித் தாங்கினீர்கள் அக்கா?

நீங்கள் கடலையையும் பயறையும் கலந்து கொட்டி, பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்வீர்களே, வேலை வாங்குகிறீர்கள் என்று முகம் சுளித்தேனே? போன மாதப் பயிற்சியில் அதைத்தான் பாடமாக நடத்தினார்கள். நல்ல பிள்ளையாக நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தனத்தை மறுபடி எடுத்துக்கொள்ளக் கம்பெனி ஒத்துக்கொண்டது. பழையபடி கைமடிக்கத்தான்; மெஷினுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களை நான் திருப்பித் தர முடியாது.

இன்று வந்தது நித்யா ஒருத்திதான். வண்டி ஹாரன் அடிக்க, தனம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் கையை விடவில்லை.

"ஆயாவ நம்பி உட்டுட்டுப் போனனுங்க டீச்சர். உங்க மேல அந்த நம்பிக்க இனித்தான் வரோணுங்க" என்றாள். பிறகு நித்யாவின் கையை என் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

நாளைக்கும் ஆறரைக்குத் திறப்பேன். ஒரு பிள்ளைதான் வரும் என்றாலும் திறப்பேன். தனம் திரும்பிப் பார்க்காமல் வண்டியேறும் நாள்வரை திறப்பேன். அதற்குப் பிறகும் திறப்பேன்.

உயிரோடிருந்தபோது உங்களை ஒருமுறைகூட அக்கா என்று கூப்பிடாத
உங்கள் தங்கை,
சுகந்தி