எட்டுக்கு ஒரு கொடுவா

ஏப்ரல், ஞாயிறு இரவு

நாளை அண்ணையின் எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். ஞாயிறுதோறும் தியெப் பக்கத்துப் பிரெஞ்சுக் கடலில் தூண்டில் போட்டு அவர் கொண்டுவரும் கொடுவா மீன் இல்லாமல் என்ன படையல்? இன்று விடியமுன்னரே அவருடைய தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன்.

தண்ணீர் கால் விறைக்கும்படி குளிர்ந்து கிடந்தது. முழங்காலளவில் இறங்கி நின்றேன். மத்தியானம் தாண்டியும் ஒரு மீன்கூட இரையைத் தொடவில்லை. வெறுங்கையோடு அண்ணியின் முகத்தில் விழிக்க மனம் வரவில்லை. வரும் வழியில் லாச்சப்பல் மீன்கடையில் ஒரு கொடுவா வாங்கிக்கொண்டு பொண்டியில் இருக்கும் அண்ணி வீட்டுக்குப் போனேன்.

"தியெப்பிலை பிடிச்சது, அண்ணி."

அண்ணி பையைத் திறந்து மீனை விரலால் தடவினார்.

"செதிளும் எடுத்து, குடலும் எடுத்துக் கிடக்கு. உம்மடை அண்ணைக்கும் கடைக்காரன் இப்பிடித்தான் வெட்டிக் குடுக்கிறவன், தம்பி."

"நீங்கள் ஒருநாளும் அவரைக் கேக்கேல்லையோ?" என்றேன்.

"கடலுக்குப் போயிட்டு வந்த இரவிலைதான் அந்த மனிசன் நிம்மதியா நித்திரை கொள்ளுறது. பிறகு நான் ஏன் கேக்க?"

மீனைக் கழுவிக் குளிர்பெட்டியில் வைத்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கால்களில் இன்னும் அந்தக் குளிர் இருக்கிறது.

நானும் இன்று கடலுக்குப் போய்த்தான் வந்தேன். நித்திரை வரவில்லை.