பம்பின் சத்தத்தைக் கேட்கத் தெரிந்தவள்

அக்டோபர் 4, சனி

பம்ப் மறுபடியும் நின்றுவிட்டது. தொட்டியின் அடியிலிருந்து பியருக்கான மால்ட் சாற்றை, அதாவது முளைகட்டிய பார்லி ஊறிய நீரை, உறிஞ்சி, சூடேற்றும் குழாய் வழியாக மேலே கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. இருபது நிமிடம் செய்தது. பிறகு கூழாங்கல்லை மெல்வதுபோல் ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை.

கிறிஸ்துமஸ் பியருக்கு இது மூன்றாவது முயற்சி. மூன்றும் பக்கத்துப் பண்ணை ஹால்வாரின் பன்றிகளுக்கே போயின. "உன் புண்ணியத்துல என் பன்னிங்க எல்லாம் ஒரு சுத்து பெருத்துடுச்சு" என்கிறான்.

என் மனைவி சிக்னே இங்கே இருந்தவரை பம்ப் கிடையாது. அவள் துடுப்பால் கிளறுவாள், நான் சூடு பார்ப்பேன். மார்ச்சில் பெர்கன் நகரத்துக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். முப்பத்துமூன்று வருடக் கல்யாணம். பூட்ஸ் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் பியர்த் தொட்டியாப் பொறந்திருந்தா என்கிட்டயும் நாலு வார்த்தை பேசியிருப்பே." நான் தொட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

போன் செய்தேன். சிக்னேயுடன் பேசுவது ஏழு மாதத்தில் முதல் தடவை. பால் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவள் அவள். பம்பைப் பற்றி அவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஓட விட்டுட்டு போனைக் கிட்டப் பிடி" என்றாள். பிடித்தேன். "உள்ள வர்ற பக்கத்து வால்வைப் பாதி மூடி வச்சிருக்கியா?"

ஆமாம், வேகத்தைக் குறைக்க என்றேன்.

"பட்டினி போட்டா கத்தாம என்ன செய்யும்? அதை முழுசாத் தொற. குறைக்கணும்னா வெளிய போற பக்கத்துல திருகு."

பதினோரு நிமிடம் பேசினோம். பம்பைப் பற்றி மட்டும்.

அக்டோபர் 11, சனி

பம்ப் ஓடுகிறது. இப்போது சூட்டில் தகராறு. சூடு காட்டும் கருவி 67 டிகிரி காட்டுகிறது. பழைய கண்ணாடி வெப்பமானியைத் தொட்டியின் நடுவில் விட்டால் 61. சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால். உடனே போன் செய்தேன்.

"சென்சார் எங்க இருக்கு?"

சூடாகி வெளியே வரும் குழாயில் ஒட்டி வைத்திருக்கிறேன் என்றேன்.

"குழாய் சூடா இருந்தா தொட்டியும் சூடா இருக்கும்னு யார் சொன்னா உனக்கு? நடுவுல கொண்டுபோய் வை." பிறகு, "மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"ரொட்டி. பழுப்புச் சீஸ்."

"நேத்து?"

"அதேதான்."

சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா, தெரியவில்லை. நான் திருப்பிக் கேட்டிருக்கலாம், நீ என்ன சாப்பிட்டாய் என்று. போனை வைத்த பிறகுதான் தோன்றியது. மடையன்.

அக்டோபர் 18, சனி

மேலே 67, நடுவில் 67, அடியில் 67. ஒரு மணி நேரம் அசையவில்லை. வீடெல்லாம் பியருக்குப் போடும் ஜூனிபர் இலை வாசனை.

மாலையில் ஹால்வார் வந்தான். "ஈஸ்ட் போடும்போது கத்தினியா?" கத்தினால்தான் பியருக்கு வீரியம் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எங்கள் வீட்டில் அது சிக்னேயின் வேலை. அவள் கத்தினால் மேட்டிலுள்ள ஆடுகள் தலை தூக்கும். நான் வாயை மூடிக்கொண்டே போட்டேன் என்றேன்.

"அப்ப பியரும் உன்ன மாதிரி ஊமையாத்தான் இருக்கும்" என்றான்.

அக்டோபர் 22, புதன்

எல்லாம் சரியாக ஓடுகிறது. போன் செய்ய ஒரு காரணமும் இல்லை.

அக்டோபர் 25, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது. தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி, உள்ளே வரும் வால்வை என் கையாலேயே பாதி மூடினேன். கடகடவென்று சத்தம் வந்ததும் போன் செய்து, மறுபடியும் கெட்டுப்போச்சு என்றேன். என் வயது அறுபத்திரண்டு.

வெகுநேரம் கேட்டாள். "உள்ள தண்ணிதான் ஓடுது. சாறு இப்படிச் சத்தம் போடாது. வால்வைத் தொற, எய்விந்."

திறந்தேன். சத்தம் நின்று, பம்ப் சீராக ஓடியது.

"எப்போலேருந்து நல்லா ஓடுது?"

"போன வாரத்துலேருந்து."

"அப்ப எதுக்குக் கூப்பிட்டே?"

பதில் இருந்தது. அவள் காத்திருந்தாள், பிறகு போனை வைத்துவிட்டாள். ஏன் இப்படி இருக்கேன் நான்? ஒரு வாக்கியம்தானே, சொல்லித் தொலைச்சா என்ன?

அக்டோபர் 26, ஞாயிறு

மறுபடியும் போன் செய்து, "பம்ப் விஷயமா இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் பெர்கன் மழை கேட்டது. "சொல்லு" என்றாள்.

சொன்னேன். நீ இல்லாமல் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று. சனிக்கிழமை ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 1, சனி

மதிய ரயிலில் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "இதுல ஒரு கோளாறும் இல்லையே."

"இல்ல" என்றேன்.

இரண்டாவது தொட்டி போட்டோம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் துடுப்பை எடுத்துக் கிளறினாள், நான் தடுக்கவில்லை. சாறு ஆறியதும் ஈஸ்ட் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "இந்தத் தடவை நீ கத்து."

எனக்கு வராது என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கத்தினேன். யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே ஹால்வார் வேலியைத் தாண்டி ஓடிவந்தான்.

அவளுடைய திரும்பும் ரயில் ஐந்து பத்துக்கு. இப்போது மணி ஆறு. கீழே தொட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.