கோட்டைவாசலில் நிறுத்திய பஸ்

இன்று காலை வித்துராச் சந்தைக்குக் கீழே உள்ள வளைவில் சர்க்கார் பஸ் ஒன்று சேற்றில் இறங்கிவிட்டது. கண்டக்டர் ஓடிவந்து என் வீட்டு முற்றத்தில் நின்றான். "அண்ணாச்சி, வண்டி தாந்நு போச்சு. காளையப் பூட்டி இழுத்துத் தரணுமே" என்றான்.

வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு காளைகளை ஓட்டிப் போனேன். மழையில் நனைந்த அயினிமரப் பலகையின் வாசம் மூக்கில் ஏறியது. பஸ்ஸின் சன்னல் சட்டத்தில் கை வைத்தேன். கூரில்லாமல் ஓரம் உருண்டு வழுவழுவென்று இருந்தது. பட்டறைக்காரரே, நீரே வந்து என் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்ததுவே.

செத்துப்போன மனுசனுக்கு மடலா என்று சிரிக்காதீரும். எழுதுவது நானில்லை, எனக்கு எழுத்து ஏது? நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் பேசுவதை அவள் சீவிச் சிணுக்கெடுத்துத்தான் காகிதத்தில் இறக்குகிறாள்.

கரமனை ஆற்றோரம் உமது பட்டறை. இரும்புச் சட்டமும் எஞ்சினும் கப்பலில் வரும். அதன்மேல் மரத்தால் பாடி கட்டி பஸ் ஆக்குவது உமது தொழில். வித்துராவிலிருந்து அயினித் தடி ஏற்றி வருவது என் தொழில். எந்தப் பாடி கட்டினாலும் சன்னல் ஓரத்தை உருட்டாமல் விடமாட்டீர். "புள்ளைங்க தாடைய வச்சுல்லா வேடிக்கை பாக்கும், குத்தப்பிடாது" என்பீர். என் வலத்துக் காளை செவலைக்குக் குடையைக் கண்டால் ஆகாது. உமது பட்டறை வாசலில் ஒரு மழைநாளில் ஒருவர் சடாரென்று குடையை விரிக்க, அது தடியோடு ஆற்றுக்கே இறங்கப் பார்த்து...

"மாமா, காளை கதை எதுக்கு? பஸ்ஸுக்கு வாங்க" என்கிறாள் மருமகள்.

வருகிறேன். அந்த வருசம் பஸ் முதலாளிகள் ஒருவரையொருவர் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் டிக்கெட் காசைக் குறைத்தால் அடுத்தவர் ஏறினவனுக்கு வெற்றிலை கொடுத்தார். மூன்றாமவர் வழியில் காப்பியே வாங்கிக் கொடுத்தார். இந்தக் கூத்தில் புது பாடி கட்ட யார் வருவார்? உம்மிடம் ஒரு பஸ் முழுதாய்க் கட்டி முடிந்து, கட்டச் சொன்னவர் வராமல் முற்றத்தில் நின்றது. உம் ஆட்கள் காலையில் வந்து அதைத் துடைப்பார்கள். துடைத்து முடித்துவிட்டு உம் முகத்தைப் பார்ப்பார்கள். நீர் வேறெங்காவது பார்ப்பீர்.

ஒருநாள் என் வண்டியை மறித்துக்கொண்டு நின்றீர். "வே, சர்க்காருக்கு மனு கொடுக்கப் போறேன். பட்டறைய அவங்கதான் தாங்கணும். தடி ஏத்துறவருன்னு நீரும் ஒரு கைநாட்டு வையும்."

எனக்குச் சுரீரென்றது. "உம்ம மோட்டார் வந்துல்லா எங்க மிளகுப் பாரமும் கொப்பரைப் பாரமும் போச்சு? வித்துராவுல எத்தனை வண்டி அடுப்புல வெறகா எரிஞ்சுது! அப்பம் எங்க காளைக்குச் சர்க்கார் ஒரு கத்தைப் புல்லு போட்டுதா?"

நீர் கோபப்படவில்லை. காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னீர்: "போட்டிருக்கணும்வே. போடல்ல. அதுக்காக எம் பட்டறையில உள்ளவனும் பட்டினி கெடக்கணும்னு சொல்லுதீரா?"

உமது பட்டறையும் மூடினால் எனக்கு ஏற்ற ஒரு பாரமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெருவிரலை மையில் வைத்துவிட்டேன்.

மனுவை எழுதித் தந்தவர் அக்கிரகாரத்துச் சாமி. உத்தியோகத்திலிருந்து ஓய்ந்தவர். எழுதும்போதே நம்மைத் திட்டிக்கொண்டே எழுதினார். "உமக்காகக் கஜானாவத் தொறந்தா, நாளைக்கு வளையல்காரன், ஜட்காக்காரன் எல்லாரும்னா வரிசையா வந்து நிப்பா? நன்னா நடத்தத் தெரியாதவாளுக்கெல்லாம் ராஜா படி அளக்கணுமோ?"

"நான் நல்லாத்தான் சாமி நடத்துனேன். நடத்தத் தெரியாதவங்க பஸ் முதலாளிங்க" என்றீர்.

சாமி சிரித்துவிட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "சர்க்கார் கச்சேரியில கொடுத்தா மேசையில கெடந்து மட்கும். மகாராஜா பொன்னுதம்புரான் காலம்பற கோவிலுக்கு எழுந்தருளறச்சே பஸ்ஸ வழியோரம் நிறுத்தும். கண்ணுல படட்டும். கார் மெள்ளத்தான் போகும். மனுவ ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டும், போறும்."

அன்று காலை நீர் வெளுத்த வேட்டி கட்டியிருந்தீர். கோட்டைவாசலுக்கு இப்பால் பஸ் பளபளவென்று நின்றது. பட்டறை ஆட்கள் அதன் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மனுவை இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்.

விசில் கேட்டது. குடைகள் மடங்கின. தலைப்பாகைகள் இறங்கின. கார் வருகிறது என்றதும் தெருவே குனிந்தது. நானும் குனிந்தேன். தோள்முண்டு இடுப்புக்குப் போயிற்று, கை வாயைப் பொத்திற்று. சக்கரச் சத்தம் பக்கத்தில் வந்தது, தாண்டியது, தேய்ந்தது. நிமிர்ந்தபோது தெருவில் புழுதிதான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நீரும் அப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்தீர். மனு உமது கக்கத்தில் மடங்கிக் கிடந்தது.

சாமி தலையில் அடித்துக்கொண்டார். "நிமிர வேண்டாமோ ஓய்! அதுக்குத்தானே வந்தது?"

"எப்படிச் சாமி நிமிருறது?" என்றீர். "கழுத்து தன்னால போவுது. எங்க அப்பனும் நிமிரல்லியே."

அதற்கு மேல் பஸ்ஸும் கிளம்ப மாட்டேன் என்றது. பெட்ரோல் வாங்க வழியில்லாமல், வந்துசேரும் அளவுக்குத்தான் ஊற்றியிருந்தீர். திரும்பிப் போகும்போது ராஜா கட்டளையோடு போவோம் என்று நினைத்திருந்தீராக்கும். காளைகளை அவிழ்த்து பஸ்ஸின் முன்னால் கட்டினேன். நீர் உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டீர். சாலைக் கடைத்தெரு முழுக்கச் சிரித்தது.

"ஏ, மோட்டாருக்குப் புது எஞ்சினா? என்ன தீனி போடுதீங்க?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார்.

"புண்ணாக்கு! உமக்கும் வேணுமா?" என்று நீர் உள்ளிருந்து கத்தினீர். நானும் சிரித்தேன். கரமனை வருவதற்குள் உமது சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்திருந்தீர். பின்னால் உமது ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாளைக்கு இவர்கள் எங்கே போவார்கள், நான் எங்கே போவேன் என்று மட்டும்தான் மனசில் ஓடியது.

அந்த மழைக்காலத்துக்குள் பட்டறை மூடிற்று. அடுத்த மழையில் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோயிற்று. அதன்பிறகு சர்க்காரே பஸ் ஓட்ட இறங்கியது. பாடி கட்ட ஆள் தேடியது. உமது ஆட்களில் சிலர் அங்கே போனார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்று அந்தச் சன்னல் ஓரத்தைத் தொட்டபோதுதான் நம்பினேன். உம்மைத் தாங்காத சர்க்கார் உமது ஆட்களைத் தாங்கிவிட்டது. இதை நல்லது என்பதா, கொஞ்சம் முந்தி வந்திருக்கக்கூடாதா என்பதா? சொல்லும். நீர் இருந்தால் சண்டை போட்டாவது ஒரு முடிவுக்கு வந்திருப்போம்.

பஸ்ஸை இழுத்து மேட்டில் ஏற்றினேன். செவலை இப்போது இல்லை, அதற்குப் பின் வாங்கிய காளைகள்தான். முன் சீட்டில் தொப்பி வைத்த சர்க்கார் உத்தியோகஸ்தர், ஏமான் ஒருவர் இருந்தார். அவர் என் பக்கம் திரும்பியதும் கழுத்து தன்னால் இறங்கியது. பாதியில் உம் நினைப்பு வந்தது. நிறுத்தினேன். நிமிர்ந்தேன்.

"ஏமானே, மலைக்குத் தடி ஏத்த லாரி வரப்போவுதுன்னு பேசிக்கிடுதாவ. வரட்டும். அப்பம் எங்களுக்கும் இந்தக் காளைக்கும் சர்க்கார் ஒரு வழி சொல்லணும். எல்லாம் முடிஞ்ச பெறகு வந்தா போதாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்று சொன்னாரா, போடா என்று சொன்னாரா, அதை நினைத்துத்தான் இந்நேரம்வரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பஸ் கிளம்பிற்று. பின் சன்னலில் ஒரு பிள்ளை உருட்டிய ஓரத்தில் தாடையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டு போயிற்று. அது வளைவு திரும்பும்வரை நான் தலை குனியவில்லைவே.