வாகனம் வராத பாதை

லா சப்பல், பாரிஸ்
10.03.2019

அன்பு மகள் தாட்சாயினிக்கு,

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்துகள் வரியில் நிற்கின்றன, சில கீழே இறங்கிவிடுகின்றன. 'ஞ' இன்னும் எனக்கு அடங்கவில்லை. இந்தப் பக்கத்தை எழுதக் காலையில் உட்கார்ந்தேன், இப்போது மத்தியானச் சோறு ஆறிவிட்டது. ஆனாலும் இதை நானே எழுதுகிறேன், வேறு யாருடைய கையும் இதில் படவில்லை. எழுபது வயதுவரை எனக்கு வந்த கடிதங்களை மற்றவர்கள்தான் வாசித்துச் சொன்னார்கள். அவர்கள் எதை விட்டுவிட்டு வாசித்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதியோருக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிற லூசியா ரீச்சர், "ஏரம்பமூர்த்தி அண்ணை, உங்கடை பேரை எழுதப் பழகினால் அரைவாசி எழுத்து முடிஞ்சுது" என்று பகிடி பண்ணுகிறார். இப்போது எங்கள் தமிழ்க் கடைத் தெருவில் இறங்கினால் பலகை பலகையாக வாசித்துக்கொண்டு நடக்கிறேன். நான் மரக்கறி வாங்குகிற கடையில் 'புது முருங்கைக்காய்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். காய் பழசு. இவ்வளவு காலமும் அந்தப் பொய் என் தலைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது, மகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தொலைபேசியில் கதைக்க எனக்கு விருப்பமில்லை. யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நீ பாரிஸ் கந்தோர் வேலையை விட்டுவிட்டுத் தெற்கே பெர்ப்பிஞானுக்குப் போனாய். ஆட்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகிற வேலை என்றாய். அதுவும் வாகனம் வராத கிரவல் பாதையாகப் பார்த்துப் போவதாகச் சொன்னாய். நல்ல தார் ரோட்டு இருக்கும்போது ஒருவன் ஏன் கல்லில் போகிறான்? யார் அந்த ஆட்கள்? எங்கே கொண்டுபோய் விடுகிறாய்? பெரிய எழுத்தாக எழுது.

உன் அப்பா,
க. ஏரம்பமூர்த்தி


பெர்ப்பிஞான்
21.03.2019

அன்புள்ள அப்பா,

கடித உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். தமிழ் எழுதி எனக்கும் கனகாலம். சனிக்கிழமைப் பள்ளியோடு நின்றுபோனது. பிழை இருந்தால் லூசியா ரீச்சரிடம் காட்டிவிடாதீர்கள்.

பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். வருகிறவர்கள் பல நாட்டவர்கள். சிலருக்கு இந்த ஊரின் பெயரே வாயில் வராது. சிறிய கூட்டமாகத்தான் போவோம். காசை முதலிலேயே கட்டிவிடுவார்கள். அவர்களுடைய பொதிகளை வான் வண்டியில் ஏற்றி, என்னோடு வேலை செய்கிற பஸ்தியான் முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நாங்கள் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவாலும், பூத்திருக்கிற பீச் மரங்களின் கரையாலும் கடற்கரைவரைக்கும் போவோம். ஒரு கார் வராது. சில்லுக்குக் கீழே கல் நெரிகிற சத்தமும் காற்றும் மட்டும்தான். கடலோரக் குன்றில் ஏறினால் ஸ்பெயின் தெரியும். அதில் ஒருநாள் நீங்களும் நிற்க வேண்டும்.

ஓர் உதவி. லா சப்பலில் இருந்து எள்ளுருண்டையும் பனங்கட்டியும் அனுப்புங்கள். எள்ளுருண்டை நல்ல பலம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இறங்காமலே சாப்பிடலாம். பனங்கட்டி கொஞ்சம் கூடுதலாக அனுப்புங்கள். இங்கே அது கெதியில் முடிந்துவிடுகிறது.

அன்புடன்,
தாட்சாயினி


லா சப்பல், பாரிஸ்
14.04.2019

அன்பு மகள் தாட்சாயினிக்கு,

இன்று புதுவருசம். கோயிலுக்குப் போய்வந்து இதை எழுதுகிறேன். உன் கடிதத்தை விரல் வைத்து வாசித்தேன். முடித்ததும் மறுபடி முதலில் இருந்து வாசித்தேன்.

எங்களை எல்லை கடத்திக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரனும் இதையேதான் சொன்னான். காசு முதலில். சிறிய கூட்டம். பொதி வேறு வாகனத்தில் வரும். பாதையில் ஒரு வாகனமும் வராது, பயப்பட வேண்டாம் என்றான். போகிற ஊரின் பெயர் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. சட்டைப் பையில் எள்ளுருண்டை இருந்தது. உன் கடிதத்தில் கடற்கரைவரைக்கும் போவது இருக்கிறது. திரும்பி வருவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எள்ளுருண்டையை வெள்ளைக்காரர் சாப்பிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பனங்கட்டியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் யார்? எங்கள் ஆட்கள்தான்.

என் மனம் கேட்கவில்லை. ஸ்பெயினில் இருந்து கடைகளுக்குத் தக்காளி ஏற்றிவருகிற வலன்ரைனை, வரும் வழியில் உன்னைப் பார்த்துவரச் சொன்னேன். வந்தவன் முகம் சரியில்லை.

"அண்ணை, என்ரை கண்ணாலை கண்டனான். தலையிலை தொப்பி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, வாயை மூடித் துணி. ஆர் எவர் எண்டு சொல்லேலாது."

"தாட்சாயினி?"

"வானுக்குப் பக்கத்திலை நிண்டு ஆக்களை எண்ணிக்கொண்டு நிண்டவ."

"நீ போய்க் கதைக்கேல்லையோ?"

"எப்பிடிப் போறது? வாகனம் உள்ளுக்கை போகாமல் கட்டை போட்டிருக்கு. எண்ணி முடிய எல்லாரும் தோட்டத்துக்குள்ளை பூந்திட்டினம்."

ஆட்களை எண்ணுகிறாயாமே. எங்களையும் எண்ணினார்கள். உன் சித்தப்பா சேந்தனை நீ படத்தில்தான் கண்டிருக்கிறாய். அவனும் நானும் ஒன்றாகத்தான் புறப்பட்டோம். காட்டுக்குள் அவனுக்குக் கால் பிசகிவிட்டது. பின்னால் வருவான், நடவுங்கள் என்று கூட்டிப்போனவன் சொன்னான். என்னையும் நிற்க விடாமல் இழுத்துக்கொண்டு போனான். புறப்படும்போது எங்களை எண்ணியவன், போய்ச் சேர்ந்தபோது எண்ணவில்லை. சேந்தன் இன்றுவரை வந்து சேரவில்லை.

யாரோ பெற்ற பிள்ளை உன் பின்னால் வந்து, அப்படி விடுபட்டுப் போனால் நான் எப்படிச் சோறு தின்பேன்? அந்த வேலையை விட்டுவிட்டு வா. அந்த வான்காரனையும் நான் நம்பவில்லை. நீ வரும்வரைக்கும் பனங்கட்டி அனுப்பமாட்டேன்.

உன் அப்பா,
க. ஏரம்பமூர்த்தி


பெர்ப்பிஞான்
25.04.2019

அப்பா,

எழுதப் பழகியதும் உங்களுக்கு என்னைப் பற்றி எழுதத் தோன்றியது இதுதானா? சித்தப்பாவின் படத்துக்கு விளக்கு வைக்கிற வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். நான் அந்த வேலை செய்வேனா?

விளக்கம் எழுதமாட்டேன். எழுதினால் அதற்குள்ளும் ஏதாவது கண்டுபிடிப்பீர்கள். உறைக்குள் ரயில் டிக்கெட் இருக்கிறது. வந்து உங்கள் கண்ணால் பாருங்கள். வராவிட்டால் இனி எனக்குக் கடிதம் வேண்டாம். வலன்ரைன் அண்ணையையும் அனுப்ப வேண்டாம்.

தாட்சாயினி


லா சப்பல், பாரிஸ்
19.05.2019

என் அன்பு மகள் தாட்சாயினிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஸ்டேசனில் விடைபெறும்போது நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ரயில் ஏறிவிட்டேன். இப்போதெல்லாம் வாயைவிடப் பேனா எனக்குச் சுகமாக இருக்கிறது. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதல்நாள் வானில் ஏறும்போது நான் உன்னை நம்பவில்லை. அதை மறைக்கமாட்டேன். தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினால் யார் யார் என்று பார்க்கக் காத்திருந்தேன். கழற்றினார்கள். எல்லோரும் விடுமுறைக்கு வந்த, எங்கள் வயதுக்குக் கிட்டின வெள்ளைக்காரர். தூசிக்குத்தான் வாயைக் கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் எனக்கு அமைதி வரவில்லை. கடற்கரையில் நீ கேட்டது நினைவிருக்கிறதா?

"என்னப்பா, கடலையே பாக்கிறியள்?"

"படகு ஒண்டும் வரேல்லையோ எண்டு பாக்கிறன்."

"வந்தால் நீங்கள் ஏறிப் போகப் போறியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நீ அதை அவர்களுக்குப் பிரெஞ்சில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். முப்பது வருசம் கிச்சினில் கோப்பை கழுவியவனுக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும்.

ஆனால் அதற்கு முன்னமே என் மனம் பாதி மாறிவிட்டது. திராட்சைத் தோட்டத்துக்குள் பாதை இரண்டாகப் பிரிகிற இடம். எங்கள் வான் அந்தப் பக்கத்து வீதிக் கரையில் நின்றது. எல்லோரும் போய்விட்டார்கள், கூட்டத்தில் இருந்த அந்த ஒல்லாந்துக்காரி மட்டும் வரவில்லை. நீ முன்னால் போனவர்களைக் கைதட்டி நிறுத்தினாய். பிறகு சைக்கிளைத் திருப்பி, வந்த பாதையிலேயே போனாய். வெயில் கொளுத்தியது. வெள்ளைக் கல்லும் திராட்சைக் கொடியும் தவிர அந்தப் பாதையில் ஒன்றும் தெரியவில்லை. நான் வானுக்கு வெளியே இறங்கி நின்றேன். கனநேரத்துக்குப் பிறகு, காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் வந்தாள். அவளோடு நீயும் உன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தாய்.

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் நீ திரும்பவும் எண்ணினாய். உனக்கு அது பழக்கமாக இருக்கும். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குப் படகு மட்டும் காரணமில்லை. என் கண்ணை நீ பார்க்கக்கூடாது என்றும் நின்றேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் அத்தனை பேரும், புறப்பட்ட அதே பண்ணை வாசலுக்குத் தூசியும் சிரிப்புமாகத் திரும்பி வந்தார்கள். எங்களைக் கூட்டிக்கொண்டு போனவன் ஒருவரையும் அப்படித் திருப்பிக் கொண்டுவந்து விட்டதில்லை, மகள். நேற்று சேந்தனின் படத்துக்கு விளக்கு வைத்தபோது அந்த ஒல்லாந்துக்காரியின் கதையை அவனுக்குச் சொன்னேன்.

ஆனால் அப்பாவின் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கோபத்தோடு வந்தாலும் பைக்குள் ஓலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான் ஒன்று கொண்டுவந்தேனே, அதை வானுக்குள் வைத்து அவிழ்த்தேன். பஸ்தியான் போத்தலில் இருந்து எனக்கும் தனக்கும் பால் விடாத தேத்தண்ணி ஊற்றினான். நான் பால் விடுவதில்லை என்று அவனுக்கு யார் சொன்னது? அதற்குப் பிறகு அவன் குட்டானில் இருந்து ஒரு பனங்கட்டியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து உடைத்து, ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தான். பிறகு இன்னொரு கடி, இன்னொரு மிடறு. கோப்பைக்குள் சீனி கரைத்துக் குடிக்கிற நாட்டில் பிறந்தவனுக்கு அது ஒருநாளில் வராது. உன் பனங்கட்டி எப்படிக் கெதியில் முடிகிறது என்று அப்போதுதான் விளங்கியது. போதாததற்கு, ஸ்டேசனில் என் பையைத் தூக்கித் தந்துவிட்டு "போயிட்டு வாங்கோ, அப்பா" என்றான். நீ ரயில் நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அவனைப் பற்றி நான் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. இன்று கை நோகிறது. தகப்பன் யார், தாய் யார், இந்த வானைத் தவிர வேறு என்ன ஓட்டுவான் என்றெல்லாம் கேட்க வேண்டும். லூசியா ரீச்சரிடம் அவனுடைய பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டேன். யாருக்கு அண்ணை என்றார். ஒரு சைக்கிள் கம்பெனிக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதோடு எள்ளுருண்டை அனுப்புகிறேன், ஒல்லாந்துக்காரி திரும்ப வந்தால் அவளுக்கும் கொடு. பனங்கட்டி இரண்டு குட்டான் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றது யாருக்கு என்று நீயாகவே எழுது. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும், கை நோவு ஆறியதும் அடுத்த கிழமை நான் எழுதுவேன்.

உன் அப்பா,
க. ஏரம்பமூர்த்தி