நான்காவது டிஸ்க்

ஜூலை 4, வியாழன்

ஆஸ்பத்திரி சர்வர் அறை ஏசி மறுபடி ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

பத்தரை மணிவாக்கில் விசைத்தறிக்காரர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சு குழறி, வலது கை விழுந்துவிட்டிருந்தது. மூளை ஸ்கேன் படம் டாக்டரின் திரைக்கு வர வெகு நேரம் ஆனது. அவர் கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டது. ஸ்கேன் எடுத்த வசந்தாமணி அக்கா, "எடுத்த கையோட அனுப்பிட்டனுங்க" என்று அழுதாள்.

மேலாளர் செங்கோட்டையன் சார் என்னைக் கேட்டார். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று df தட்டிப் பார்த்தேன். பாதி இடம் காலி. "சர்வர்ல ஒண்ணும் இல்லீங்க சார். படம் 11:15க்குத்தான் பதிவாகியிருக்குது" என்றேன்.

ஜூலை 5

படத்தைத் தாமதமாக அனுப்பினாள் என்று அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பதினொரு வருஷம்.

ஜூலை 9, செவ்வாய்

எழுதிவிட வேண்டும்.

காலையில் மூன்று வார்டிலும் படம் திறக்கவில்லை என்றார்கள். இப்போது ஸ்கேன் அறையில் வேறு ஆள். பிறகு ஏன்? டிஸ்க்குகளின் வேகத்தைக் காட்டும் iostat ஓடவிட்டேன். எட்டு டிஸ்க்குகள். ஏழு, நான்கு மில்லிசெகண்டில் பதில் சொல்கின்றன. நான்காவது — இரண்டாயிரத்து முந்நூறு! எட்டும் சேர்ந்துதான் ஒரு படத்தை எழுதும். ஒன்று திணறினால் ஏழும் காத்துக் கிடக்கும்.

எத்தனை நாளாக?

sar என்கிற கட்டளை பழைய அளவுகளை ஒரு மாதம் வைத்திருக்கும். ஜூலை 4-ஐத் திறந்தேன். பதினொரு மணி வரியில் அதே டிஸ்க், நூறு சதவீதம். வரவுப் பதிவையும் தேடினேன். படம் சர்வருக்கு வரத் தொடங்கியது 10:52. எழுதி முடித்தது 11:15. நான் பார்த்துச் சொன்னது முடிந்த நேரத்தை.

ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? இடம் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாயத் தொறந்துட்டேனே.

ஜூலை 10

"டிஸ்க்க மாத்தும்மா. வேலைய உட்டுப் போனவங்க போயிட்டாங்க. வெளிய சொன்னா அந்தப் பேஷண்ட் ஊட்டுக்காரங்க சும்மா உடுவாங்களா?" — செங்கோட்டையன் சார்.

டிஸ்க்கை மாற்றினேன். இரண்டு பதிவுகளையும் அச்செடுத்து நேரே டாக்டரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எல்லார் முன்னாடியும் கத்தினது நான்தானே" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

ராசிபுரத்தில் அக்கா வீடு. திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். சொல்லி முடித்தேன்.

"நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன் சாமி. எல்லாரும் சொல்லச் சொல்ல, பட்டன அமுக்கினதே ஞாபகத்துல இல்லாமப் போச்சு. இப்ப கேஸ் அடுப்ப அணைச்சுட்டு நாலு தடவ போய்ப் பாக்கறேன்."

வேலை போனது மட்டும்தான் என்று இருந்தேனே.

"எத்தன மணிக்கு அனுப்பினேன்னு சொன்னே?"

"10:52, அக்கா."

"10:52," என்றாள். மறுபடியும் சொன்னாள். பிறகுதான் அழுதாள்.

ஜூலை 20

நோயாளியின் மகளைக் கூப்பிட்டு டாக்டரே உண்மையைச் சொன்னார். நானும் நின்றேன். "அப்ப அந்த இருவத்தி மூணு நிமிசம் போகாம இருந்திருந்தா எங்கப்பா கை வந்திருக்குமாங்க?" என்று கேட்டாள். டாக்டர், "தெரியலம்மா" என்றார். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். செங்கோட்டையன் சார் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. புது அடையாள அட்டையை மட்டும் நீட்டினார்.

9:20க்கு ஸ்கேன் அறையிலிருந்து போன். "சாமி, படம் வந்துருச்சான்னு பாத்துச் சொல்லு." பார்த்தேன். "வந்துருச்சுங்க அக்கா."

9:45க்கு மறுபடி. 10:10க்கு மறுபடி. மாலைக்குள் பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.