முத்தம்மாவின் இடக்கை

யூலை 8, 1975. செவ்வாய்.
யூலையில் குளிர்காலம் வரும் தலைகீழ் நாடு. யன்னலெல்லாம் பனி. கொடியில் உடுப்பு காயவில்லை.

பக்கத்து வீட்டு மார்கரெட் நாவல் கொண்டுவந்தாள். லண்டன் கொலைக் கதை. எங்கள் தெருவிலுள்ள பெண்களின் வாசிப்புக் கூட்டத்துக்கு, வெள்ளி பி.ப. வீடு வீடாகச் சுற்றிய ஒரே புத்தகம், கடைசியாக எனக்கு. முடிவு அத்தியாயத்தைத் திறக்காதபடி பக்கங்களைச் சேர்த்து ஊசி குத்தியிருக்கிறது. கொலைகாரன் யாரென்று எல்லாரும் ஊகித்துச் சொன்ன பிறகுதான் பிரிப்பார்களாம்.

மிஸஸ் ஹார்ப்பரும் வருவாள். பள்ளிக்கூட அதிபர். ஆங்கில ஆசிரியை இடம் ஒன்று காலி. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இங்கே மல்கிரேவுக்கு வந்து தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி ஒட்டுகிறேன்.

இவர்: "உமக்கேன் வெள்ளைக்காரியளோடை கொலைக் கதை? வேலை தருவினமெண்டோ?"

ஓம், அதுக்குத்தான். புத்தகத்தைத் திறந்தேன்.

யூலை 9. புதன்.
பருப்பு அடிப்பிடித்தது. புத்தகத்தால்.

இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த கிழட்டுத் துரை. இங்கிலாந்தில், தேநீரில் நஞ்சு. சந்தேகமெல்லாம் அவர் கூட்டிவந்த தமிழ் வேலைக்காரி முத்தம்மா மேல். வேறு ஆர் மேல் வரும்!

பிடித்துவிட்டேன்! நஞ்சுக் கோப்பையை முத்தம்மா இடக்கையால் நீட்டுகிறாள். எங்கட பெண் ஒருத்தி துரைக்கு இடக்கையால் கொடுப்பாளா? செத்தாலும் மாட்டாள். அப்ப அது முத்தம்மா இல்லை. மங்கல் வெளிச்சம், முக்காடு. முத்தம்மா மாதிரிச் சேலை உடுத்து வந்த துரையின் மருமகள்தான். சொத்தும் அவளுக்கு. அருமையான முடிச்சு. எழுதினவரைக் கும்பிடலாம்.

யூலை 11. வெள்ளி.
மழை. நீலச் சேலை. வடை கொண்டுபோனேன், பாதி மிச்சம்.

என் முறை. இடக்கை விஷயத்தை விளக்கினேன். ஆவென்று கேட்டார்கள். மிஸஸ் ஹார்ப்பர், "ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்களேன்" என்றாள். வேலை கிடைத்த மாதிரித்தான்.

மார்கரெட் ஊசியைக் கழற்றி வாசித்தாள். கொலைகாரி முத்தம்மாவேதான். இடக்கை பற்றி ஒரு சொல் இல்லை. எழுதின மனுசனுக்கு எங்கட வழக்கம் தெரியவே தெரியாது! ஏதோ ஒரு கை என்று எழுதியிருக்கிறான். அதைத் துப்பு என்று நம்பின விசரி நான்.

ஒரே சிரிப்பு. "பாவம், தன் ஊர்க்காரியை விட்டுக்கொடுக்க மனமில்லை" என்றாள் ஒருத்தி.

மிஸஸ் ஹார்ப்பர்: "எங்கள் புத்தகங்கள் விளங்க எங்களுக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டும், டியர்."

பள்ளிக்கூடப் பேச்சு பிறகு எழவேயில்லை.

"நீங்கள் சிலோன்காரி, தேநீர் நீங்களே ஊற்றுங்களேன்" என்றாள் மார்கரெட்.

ஊற்றினேன். மிஸஸ் ஹார்ப்பருக்கு இடக்கையால் நீட்டினேன். வேணுமென்றேதான்.

"நன்றி, டியர்." சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தாள்.