வாணலியில் ஒட்டிய பொரி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

இன்று கோபாலபுரத்து டாக்டரம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். கொழுப்பு அளவோடு இருப்பதாக ரத்தப் பரிசோதனைச் சீட்டு சொல்லிவிட்டதே என்று, ஒரு மாதமாகச் சர்க்கரை மாத்திரையை நானே நிறுத்தியிருந்தேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "கொழுப்பு கம்மியா இருந்தாலும், ரத்தத்துல ஏறுன சர்க்கரை அது மேல போய் ஒட்டிக்கும். அப்படி ஒட்டினது ரத்தக்குழாய் சுவர்லயே தங்கி, குழாயை இறுக்கிடும்," என்றார்.

எனக்கு மண்டையில் ஏறவில்லை. கூட வந்திருந்த என் மனைவி செல்வி என் பக்கம் திரும்பினாள். மாம்பலத்தில் நாங்கள் வெகுகாலமாகப் பொரி உருண்டை பிடிக்கிறவர்கள். மழைநாளில் பாகு படுத்தும் பாடு தனிக்கதை.

"இன்னாய்யா முழிக்கிற? வெறும் பொரி வாணல்ல ஒட்டுமா?"

"ஒட்டாது."

"பாகு ஊத்தினா?"

"சுரண்டித்தான் எடுக்கணும்."

"உன் நெஞ்சுக்குள்ள யாரு கரண்டி வுட்டுச் சுரண்டறது?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டு, "செல்விம்மா, இவருக்கும் அந்தப் பொரிக் கதையைச் சொல்லுங்க," என்றார்.

செல்வி பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. நான் வெளியே வந்து, பெஞ்சில் இருந்தவர் கேட்காமலே, "உள்ள பேசறது என் சம்சாரம்தான்," என்றேன்.

ராத்திரி வீட்டில் சாப்பிட்டதும் மாத்திரையை அவள் எதிரிலேயே விழுங்கினேன். அவள் வாணலியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.